மல் தீவில் கோடை விழாவும் வெளிச்சுற்றலும்: எதை முதலில் பூட்டுவது, எதைக் கடைசி வரை திறந்து வைப்பது

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஓபன் என்ற துறைமுக ஊருக்கு எதிரே இருக்கிறது மல் தீவு. சுமார் 3,000 பேர் வாழும் இடம். கோடையில் அங்கே ஊர்க்காரர்களே நடத்தும் விழாக்களைப் பார்த்துவிட்டு, மிச்ச நாட்களில் மலை, கடற்கரை, படகு என்று சுற்ற விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் முறை போகிறவர்களிடம் திரும்பத் திரும்ப ஒரே சிக்கலைத்தான் பார்க்கிறேன். செய்ய வேண்டியதை எல்லாம் செய்கிறார்கள், ஆனால் வரிசை தலைகீழ். பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் ஆரம்பித்து, மணிக்கணக்கு வரை அட்டவணை போட்டு முடித்த பிறகுதான் ஃபெரியில் காருக்கு இடமில்லை என்பது தெரிகிறது. அல்லது விழா போன வாரமே முடிந்திருக்கிறது.

தேதி மாறாத விஷயங்களை முதலில் முடிவு செய்துவிடுங்கள். வானிலையைப் பொறுத்தவற்றைக் கடைசி வரை விட்டுவையுங்கள். கீழே உள்ள வரிசை முழுக்க இந்தக் கணக்கில்தான் போகிறது.

1. முதலில் விழாவின் தேதி

தீவின் பெரிய நாள், டோபர்மோரி ஊரில் நடக்கும் ஹைலேண்ட் விளையாட்டு விழா. வழக்கமாக ஜூலை மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமை. வார இறுதியில் இருக்கும் என்று நினைத்து வெள்ளிக்கிழமை வந்து இறங்குகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. அந்த வருடத் தேதியை விழாக் குழுவின் அறிவிப்பில் ஒரு தடவை பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆகஸ்டில் வேறு வகை விழாக்கள்: சாலன் பக்கமும் பனெசன் பக்கமும் நடக்கும் வேளாண் கண்காட்சிகள். ஆடு, மாடு, கம்பளி, ஜாம், ஸ்கோன், காய்கறி என்று ஊர்க்காரர்கள் தங்கள் பொருளைக் கொண்டுவந்து வைத்து, நடுவர்கள் பரிசு தருவார்கள். சுற்றுலாக்காரர்களுக்காக நடத்துவதில்லை என்பதாலேயே எனக்கு இவை கூடுதலாகப் பிடிக்கும். சிவப்பு மயிர் தொங்கும் ஹைலேண்ட் மாட்டை வேலிக்கு அப்பால் நின்று படம் எடுப்பதைவிட, அதைக் குளிப்பாட்டிச் சீவிக் கொண்டுவந்திருக்கும் ஆளிடம் நின்று பேசலாம்.

ஜூலையா ஆகஸ்டா என்று தீர்மானிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. மல்லுக்கு மேற்கே உள்ள லங்கா (Lunga) என்ற சின்னத் தீவில் கூடு வைக்கும் பஃபின் என்ற கடற்பறவைகள் ஏப்ரலில் வந்து, ஜூலைக் கடைசியிலிருந்து கடலுக்குத் திரும்ப ஆரம்பித்துவிடும். ஆகஸ்ட் முதல் வாரத்துக்குப் பிறகு அவற்றை நம்பிப் போகாதீர்கள். விளையாட்டு விழாவும் பஃபினும் ஒரே வாரத்தில் கிடைக்க வேண்டுமென்றால் ஜூலை நடுப்பகுதிதான். பறவை முக்கியமில்லை, விலையும் கூட்டமும் குறைய வேண்டும் என்றால் ஆகஸ்ட் பாதிக்கு மேல் போங்கள். ஸ்காட்லாந்துப் பள்ளிகள் அதற்குள் திறந்திருக்கும்.

கிராமத்து நடன இரவு, தேவாலயத் தேநீர், உயிர்காப்புப் படகுக்கான நிதி திரட்டல் போன்ற சின்ன நிகழ்ச்சிகளை வீட்டிலிருந்தே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இவற்றில் பல சில வாரங்களுக்கு முன்புதான் வெளியே வரும், சில கடை ஜன்னலில் ஒட்டிய தாளோடு சரி. போய் இறங்கியதும் பார்த்துக்கொள்ளலாம்.

2. தங்குமிடமும் ஃபெரியும் ஒரே உட்காரலில்

விழா வாரம் முடிவானதும் இரண்டு ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் வீடு, மற்றதில் ஃபெரி. வீட்டுக்குப் பணம் கட்டும் முன் ஃபெரியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு முழுப் பணம் கட்டிவிட்டு, காரை ஏற்ற வழியில்லாமல் திண்டாடுவதுதான் இங்கே நடக்கும் மிக விலையுயர்ந்த தப்பு.

சமைத்துச் சாப்பிடும் வாடகை வீடுகள் கோடையில் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான். அதனால் எல்லாக் கார்களும் சனிக்கிழமை ஃபெரியையே மொய்க்கும். ஞாயிறோ வெள்ளியோ மாற்றித் தரச் சம்மதிக்கும் வீடு கிடைத்தால், அதற்காகக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

முக்கியமான வழி ஓபனிலிருந்து மல்லின் கிரெய்க்னூர் துறைக்கு. கால்மாக் நிறுவனத்தின் கப்பல், கிட்டத்தட்ட 50 நிமிடம். காருக்கு முன்பதிவு செய்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரின் நீளத்தைச் சரியாகக் கொடுங்கள். கூரைப் பெட்டி இருந்தால் உயரமும், பின்னால் சைக்கிள் தாங்கி இருந்தால் அதையும் சேர்த்த நீளமும். கப்பலில் இடத்தை அளந்துதான் வண்டிகளை அடுக்குவார்கள், சொன்னதற்கு மேல் இருந்தால் துறைமுகத்தில் பேச்சு வரும்.

இரண்டாவது வழி, பெருநிலத்தில் உள்ள லோக்அலைனிலிருந்து மல்லின் ஃபிஷ்னிஷ் துறைக்கு. முன்பதிவு கிடையாது, வந்த வரிசைப்படி ஏறலாம், கால் மணி நேரம் சொச்சம். ஆனால் லோக்அலைனுக்குப் போவதற்கே கோரன் என்ற இடத்தில் இன்னொரு சின்ன ஃபெரி ஏறி, ஒற்றைத் தடச் சாலையில் வெகுதூரம் ஓட்ட வேண்டும். இதை முதல் திட்டமாக வைக்காதீர்கள். தெரிந்து வைத்துக்கொண்டால் போதும், கடைசியில் தேவைப்படலாம்.

3. கார் தேவையா என்று நேர்மையாக யோசியுங்கள்

இரண்டு பேர், பெரிய மூட்டையில்லை, டோபர்மோரியில் தங்குகிறீர்கள் என்றால் கார் வேண்டாம் என்றே சொல்வேன். கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட்டிலிருந்து ஓபனுக்கு ரயில், மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். ரயில் நிலையமும் ஃபெரித் துறையும் அடுத்தடுத்து. கிரெய்க்னூரில் கப்பலுக்கு ஏற்ற மாதிரி பஸ் நிற்கும்: ஒன்று டோபர்மோரிக்கு, இன்னொன்று தீவின் தென்மேற்கு முனையில் உள்ள ஃபியன்ஃபர்ட்டுக்கு. விழா மைதானத்துக்கு நடந்தே போகலாம், படகுப் பயணங்களும் டோபர்மோரியிலிருந்தே கிளம்புகின்றன. நடந்து ஏறுகிறவர்களுக்குக் கப்பலில் இடம் பெரும்பாலும் பிரச்சினையாக இருப்பதில்லை.

குழந்தைகள், வயதானவர்கள் இருந்தால், அல்லது பென் மோர் மலையும் கால்கரி கடற்கரையும் கட்டாயம் வேண்டுமென்றால், கார் வேண்டியிருக்கும்.

தூரத்தை வரைபடத்தில் பார்த்து ஏமாறாதீர்கள். டோபர்மோரி – கிரெய்க்னூர் 21 மைல்தான், ஆனால் முக்கால் மணி நேரத்துக்கு மேலாகும். டோபர்மோரியிலிருந்து ஃபியன்ஃபர்ட் போக இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஃபியன்ஃபர்ட்டுக்கு எதிரே உள்ள அயோனா தீவு, மதியம் கால்கரி, மாலையில் கழுகு என்று ஒரே நாளில் போட்ட அட்டவணைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நாள் முழுக்கப் பார்த்தது சாலையைத்தான்.

4. ஒற்றைத் தடச் சாலையின் ஒழுங்கு

தீவின் பெரும்பகுதியில் ஒரு கார் மட்டும் போகும் அகலம். இடையிடையே பாஸிங் பிளேஸ் என்ற ஒதுங்கும் இடங்கள் இருக்கும். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேர் எதிரே உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், எதிரே வருகிறவர் அதற்குள் வளைந்து போவார். வலப்பக்கம் இருப்பதற்குள் நீங்கள் நுழைந்தால் இருவரும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுவீர்கள். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

பின்னால் யாராவது நெருங்கி வந்தால், ஒதுங்கி அவரை முன்னே விடுங்கள். அவர் ஃபெரிக்கோ, மருத்துவமனை வேலைக்கோ போய்க்கொண்டிருக்கலாம். நீர்நாயைப் பார்த்தாலும் சரி, கழுகைப் பார்த்தாலும் சரி, ஒதுங்கும் இடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்காதீர்கள். ஊர்க்காரர்களுக்கு வெளியூர்க்காரர்கள் மேல் இருக்கும் மனத்தாங்கலில் பாதி இதனால் வந்தது. இன்னொன்று, கிரெய்க்னூரிலோ டோபர்மோரியிலோ பெட்ரோலை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

5. பையில் என்ன

மழைச்சட்டை, மழைக் கால்சட்டை இரண்டும் வேண்டும். குடை வேண்டாம், காற்று அதை நொடியில் திருப்பிப் போட்டுவிடும். ஜூலையிலும் மாலையில் ஸ்வெட்டர் தேவைப்படும். கால்கரிக்கு மட்டும் போவதென்றால் சாதாரணச் செருப்பு போதும், மற்ற எல்லாவற்றுக்கும் பிடிமானமுள்ள நடைக்காலணி.

மிட்ஜ் என்ற பொடிப் பூச்சிதான் கோடையின் உண்மையான தொல்லை. கொசுவைவிடப் பல மடங்கு சின்னது, ஆயிரக்கணக்கில் வரும். காற்று நின்ற, ஈரமான, மங்கலான நேரங்களில், முக்கியமாக விடியலிலும் அந்தியிலும், மொய்க்கும். லேசான காற்று இருந்தாலே அதனால் பறக்க முடியாது, அதனால் கூடாரம் போட மரத்தடியை விட்டுவிட்டு, காற்று வரும் திறந்த இடமாகப் பாருங்கள். தலைக்குப் போடும் வலை சில பவுண்டுகள்தான். போட்டால் வேடிக்கையாகத்தான் இருக்கும், பத்து நிமிடத்தில் எல்லோரும் உங்களிடம் கடன் கேட்பார்கள்.

உண்ணியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெரணிச் செடியும் உயரப் புல்லும் இருக்கும் இடத்தில் நடந்து வந்த அன்றே முழங்கால் மடிப்பு, இடுப்பு, குழந்தைகளின் தலைமயிர் ஓரம் எல்லாம் பாருங்கள். உண்ணி எடுக்கும் கொக்கி மருந்துக்கடையில் கிடைக்கும். அடுத்த வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவரிடம் காட்டுங்கள். அது லைம் நோயாக இருக்கலாம்.

வீட்டிலேயே வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கிவையுங்கள், பல பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடையாது. கொஞ்சம் ரொக்கமும் எடுத்துக்கொள்ளுங்கள். குலுக்கல் சீட்டும் வீட்டுக் கேக்கும் விற்கும் மேசைகளில் கார்டு இயந்திரத்தை எதிர்பார்க்காதீர்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் ஓபனிலேயே பருப்பு, மசாலா வாங்கிக்கொள்வது நல்லது. டோபர்மோரியில் கோ-ஆப் கடை இருக்கிறது, மற்ற ஊர்களில் சின்னக் கடைகள்தான். உணவகச் சமையலறைகள் சீக்கிரம் மூடிவிடும். இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் நேரம் தெரியாமல், ஒன்பது மணிக்குப் பசியோடு கதவைத் தட்டுகிறார்கள்.

6. நாட்களை அடுக்கும் விதம்

சனி முதல் சனி, நடுவில் வியாழன் விழா என்று வைத்துக்கொள்வோம்.

படகுப் பயணத்தை ஞாயிறோ திங்களோ போடுங்கள். கடல் கொந்தளித்தால் ரத்தாகும், ஆனால் செவ்வாயும் புதனும் மாற்று நாட்களாகக் கையில் இருக்கும். வெள்ளிக்கிழமைக்குப் போட்டுவைத்தவர்களுக்கு ரத்தானால் பணம் திரும்ப வரும், பஃபின் வராது.

மலைக்கு நாளே குறிக்காதீர்கள். முந்தைய மாலை வானிலை பார்த்து, மேகம் உச்சிக்கு மேல் இருக்கும் என்றால் மறுநாள் கிளம்புங்கள். கடற்கரைக்கும் காட்டு நடைக்கும் எந்த வானிலையும் சரி: மழை என்றால் டோபர்மோரி கலங்கரை விளக்கப் பாதை அல்லது ஆரோஸ் பூங்கா, வெயில் என்றால் கால்கரியின் வெள்ளை மணல்.

வந்த முதல் நாள் மாலை கடை ஜன்னல்களையும் ஃபெரித்துறை அறிவிப்புப் பலகையையும் ஒரு சுற்றுப் பாருங்கள். நடன இரவு ஏதாவது இருந்தால் அப்போதே நுழைவுச்சீட்டு கேளுங்கள், மண்டபங்கள் சின்னவை.

7. விழா நாள்

விழா மைதானத்தில் தொடங்குவதில்லை, ஊருக்குள்ளேயே தொடங்குகிறது. பைப் வாத்தியக் குழு முன்னே வாசித்துக்கொண்டு கடைத்தெருவிலிருந்து மேட்டின் மேல் உள்ள மைதானத்துக்கு அணிவகுத்துப் போகும், தலைவராக மக்லேன் குலத்தின் தலைவர் வருவது வழக்கம். போட்டி தொடங்கும் நேரத்துக்கு மட்டும் வந்தால் இதைத் தவறவிடுவீர்கள். அணிவகுப்புக்கு முக்கால் மணி முன்பே கடைத்தெருவில் இருங்கள். கார் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், துறைமுகத் தெருவில் நிறுத்த இடம் தேடியே காலை போய்விடும்.

மைதானத்தில் ஒரே நேரத்தில் நாலைந்து விஷயம் நடக்கும். ஒரு மூலையில் பைப் வாசிப்புப் போட்டி, மேடையில் நடனம், நடுவில் எடை எறிதல், சுற்றிலும் ஓட்டம். எல்லாவற்றையும் பார்க்க ஓடாதீர்கள். எடைப் போட்டிகள் பக்கம் ஓர் இடம் பிடித்து உட்கார்ந்து, அங்கிருந்து எழுந்து எழுந்து போய் வாருங்கள்.

கேபர் எறிதலைப் பார்க்கும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: தூரம் கணக்கில்லை. அந்த நீண்ட மரத்தண்டைத் தூக்கி ஓடி எறியும்போது, மேல்நுனி தரையில் குத்தி, அடிநுனி முழுக்கக் கவிழ்ந்து, எறிந்தவருக்கு நேர் எதிரே விழ வேண்டும். கடிகாரத்தில் 12 மணி திசையில் விழுந்தால் முழுமையான எறிதல். இது தெரியாமல் பார்க்கிறவர்கள், மரம் வெகுதூரம் போகவில்லையே என்று ஏமாற்றமாகக் கைதட்டுவார்கள்.

குழந்தைகளுக்கான ஓட்டம் இருந்தால், வந்தவுடன் ஒலிபெருக்கி மேசையில் கேளுங்கள். மேடையில் குழந்தைகள் ஆடும்போது படம் எடுக்க வேண்டுமென்றால் பெற்றோரிடம் ஒரு வார்த்தை. போட்டி வட்டத்தின் கயிற்றைத் தாண்டக் கூடாது. இதைச் சட்டத்துக்காகச் சொல்லவில்லை, பறந்து வரும் இரும்புக் குண்டுக்காகச் சொல்கிறேன்.

8. கெய்லி நடன இரவு

விழா இரவிலோ வேறு நாளிலோ கெய்லி இருந்தால் தயங்காமல் போங்கள். டோபர்மோரியில் ஆரோஸ் மண்டபம் இதற்கான இடங்களில் ஒன்று. ஆடத் தெரியாது என்று சுவரோரம் நிற்பதுதான் புதியவர்கள் செய்யும் தப்பு. பல இடங்களில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் ஒருவர் அடிகளைச் சொல்லித் தருவார். கே கார்டன்ஸ் போன்ற ஜோடி ஆட்டத்தில் ஆரம்பியுங்கள், முன்னால் போகும் ஜோடியைப் பார்த்தே சமாளிக்கலாம். ஸ்ட்ரிப் தி வில்லோ ஆடும்போது முழங்கையை இறுகப் பிடித்துச் சுற்ற வேண்டும், நெகிழ்ந்தால் பறந்துபோவீர்கள். கனமான காலணி, ஸ்வெட்டர் இரண்டையும் கழற்றி வைத்துவிடுங்கள். யார் யாரையும் ஆட அழைக்கலாம், பாட்டிகளும் பத்து வயதுப் பிள்ளைகளும் அழைப்பார்கள்.

9. படகு: ஸ்டாஃபாவும் லங்காவும்

ஸ்டாஃபா, அறுகோண வடிவ எரிமலைப் பாறைத் தூண்கள் அடுக்கிய சின்னத் தீவு, ஃபிங்கல் குகை இருக்கும் இடம். லங்கா, பஃபின் தீவு. படகுகள் டோபர்மோரி, அல்வா ஃபெரித்துறை, ஃபியன்ஃபர்ட் ஆகிய இடங்களிலிருந்து போகின்றன. முன்பதிவு செய்யும்போது எந்தத் துறை என்பதை இரண்டு தடவை பாருங்கள். தவறான துறையில் நின்றால் அடுத்ததற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகலாம்.

மழை பெய்தால் படகு நிற்காது, அலை வீச்சு அதிகமானால்தான் நிற்கும். நல்ல வெயிலிலும் ரத்தாகலாம், தூறலிலும் போகலாம். தீவில் இறங்க முடியுமா என்பதைப் படகோட்டி அங்கே போய்த்தான் முடிவு செய்வார். லங்காவில் இறங்கியதும் வழுக்கும் உருண்டைப் பாறைகளைத் தாண்ட வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே இதை யோசிக்கட்டும்.

மேலே ஏறியதும் புல்லில் உட்கார்ந்துவிடுங்கள். மனிதர்கள் இருந்தால் கொள்ளையடிக்கும் பெரிய பறவைகள் விலகி நிற்கும் என்பதால் பஃபின்கள் உங்கள் பக்கமே வந்து இறங்கும். துரத்திக்கொண்டு போனால் வளைக்குள் போய்விடும். பாதையை விட்டு விலகினால் உங்கள் காலடியில் உடைவது அதன் வீட்டுக் கூரை.

10. மலையும் வற்றுக்கடல் நடைகளும்

பென் மோர் 966 மீட்டர். கடல்மட்டத்தில், லோக் ந கீல் என்ற கடல் நுழைவின் கரையிலிருந்தே ஏற ஆரம்பிப்பதால் அந்த உயரம் முழுவதையும் ஏற வேண்டும். போய்வர ஐந்தாறு மணி நேரம் வையுங்கள். உச்சியருகே பாறைகளில் உள்ள காந்தத்தன்மை திசைகாட்டியைத் தவறாகக் காட்டவைக்கும். மேகம் மூடிய நாளில் ஏறாதீர்கள் என்பதற்கு இதுவே போதுமான காரணம். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். ஆபத்து என்றால் 999 அழைத்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும்.

மக்கின்னன் குகை, கார்செய்க் வளைவுகள் போன்ற கரையோர நடைகள் கடல் வற்றும் நேரத்தைப் பொறுத்தவை. கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போது போய், ஏறத் தொடங்குவதற்குள் திரும்ப வேண்டும். வற்று நேரம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும், அதனால் நேற்று யாரோ சொன்ன நேரம் இன்று உதவாது. கார்செய்க் வழுக்கலும் சரிவுமான பாதை, முதல் பயணத்தில் அதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

நாள் பாதி மட்டும் கையில் இருந்தால் அல்வா தீவு. 2018-இல் ஊர்ச் சமூகமே விலைக்கு வாங்கிய தீவு அது. துறையில் உள்ள பலகையின் மூடியை நகர்த்திச் சிவப்பு தெரிய வைத்தால் படகுக்காரர் அக்கரையிலிருந்து வந்து ஏற்றிக்கொள்வார். ஃபெரி ஓடாத நாட்கள் உண்டு, போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான நிலத்தில் பொறுப்போடு நடக்கவும், சின்ன அளவில் கூடாரம் போடவும் உரிமை உண்டு. காரில் தூங்குவதற்கு இந்த உரிமை இல்லை. வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள். ஆட்டுக்குட்டிகள் இருக்கும் வயலில் நாயைக் கயிற்றிலிருந்து விடாதீர்கள். வெண்வால் கடற்கழுகின் கூட்டைத் தேடிப் போவதும் வேண்டாம், கூட்டருகே தொந்தரவு செய்வது குற்றம். வழிகாட்டியோடு போகும் ஏற்பாடு இருக்கிறது, முன்பதிவு செய்துகொள்ளலாம்.

11. திரும்பும் நாள்

முந்தைய இரவே ஃபெரி நிலவரத்தைப் பாருங்கள், காலையில் மறுபடியும். கார் வைத்திருப்பவர்கள் கப்பல் நேரத்துக்குக் குறைந்தது அரை மணி முன்னால் கிரெய்க்னூரில் வரிசையில் நிற்க வேண்டும். டோபர்மோரியிலிருந்து வருகிறீர்கள் என்றால், ஆடு மறிப்பதற்கும் கேரவன் பின்னால் ஊர்வதற்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். கப்பல் ரத்தானால் பதிவை மாற்றித் தருவார்கள், ஆனால் சனிக்கிழமையில் அடுத்த இடம் எப்போது என்று சொல்ல முடியாது. அப்போதுதான் அந்த ஃபிஷ்னிஷ் – லோக்அலைன் வழி. வரிசை அங்கேயும் நீளும், சுற்றும் அதிகம், கிளாஸ்கோ போய்ச் சேர இருட்டிவிடும். அன்று மாலை விமானம் பிடிக்கும்படி மட்டும் டிக்கெட் போட்டுவைக்காதீர்கள்.